உள்காய்ச்சல் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உதகையில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள். பாட்டி கண்டியிலிருந்து வந்தவர். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறார். தமிழ் மீடியத்தில் படித்து, இரண்டாவது தடவை நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஒன்பது இலக்குகள் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். காலை ஐந்து மணிக்கு ஓட்டம். ஆறு மணி நேரத் தூக்கம். போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பயமில்லாமல் ஆங்கிலம் பேசுவது. மாதம் ஒரு தமிழ்ப் புத்தகம். ஒரு ஆய்வுக் கட்டுரை. நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழி கற்பது. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போவது. கடைசியாக, யார் முன்னாலும் அழக்கூடாது.

நான்கு மாதத்தில் உருப்படியாக நடந்தது வீட்டுக்குப் போனது மட்டும்தான். அறைத்தோழிகள் "முதல்ல பேத்தாலஜி பாஸ் பண்ணு" என்று சிரிக்கிறார்கள். போன முறை பாட்டி தனக்கு உள்காய்ச்சல் என்றார். தெர்மாமீட்டர் வைத்தேன், 98.4. காய்ச்சலே இல்லை பாட்டி என்றேன். "இதுக்குத்தான் டாக்டருக்குப் படிக்கிறியா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாளைக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மாணவிக்கு,

கிழிக்க வேண்டாம். ஆனால் பேனாவை எடுங்கள், கொஞ்சம் அடிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்து மணி ஓட்டமும் ஆறு மணி நேரத் தூக்கமும் ஒரே தாளில் இருந்தால் தினமும் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அதுவும் உதகையில். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? சாயந்திரம் நடங்கள். தூக்கத்தை இலக்கு என்று எழுதாதீர்கள், சாப்பாட்டை யாராவது இலக்கு என்று எழுதுவார்களா? போன் விஷயத்தில் உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

அழக்கூடாது என்பதை அடித்துவிடுங்கள். வார்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டீர்கள். அழுகை வரும் நாள் வரும். அன்றைக்கு இந்தத் தாள் வேறு உங்களைத் திட்ட வேண்டுமா?

ஆங்கிலம் வந்துவிடும். தடித்தடிப் புத்தகங்களையும் அவற்றைப் படித்தவர்களையும் இன்னும் மூன்று வருடம் தினமும் பார்க்கப் போகிறீர்கள், ஒட்டாமல் எங்கே போகும்? எனக்கு உறுத்தியது உங்கள் வரிசைதான். ஆங்கிலம் நான்காவது, படுகு ஏழாவது. பாட்டியின் உள்காய்ச்சல் பட்டியலிலேயே இல்லை.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அப்போது அவருக்கு 61 வயது. ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தது, வெளியே மழையும் குளிரும். மலையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். உங்களைவிட நாலைந்து வயது மூத்த ஒரு தம்பிதான் டாக்டர். அம்மா சொன்னார்: "வாய்வு பிடிச்ச மாதிரி இருக்கு தம்பி. தாடை இழுக்குது. ஒரு மாதிரி வருது." வாய்வு என்ற சொல்லோடு அந்தத் தம்பியின் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. தாடையும் "ஒரு மாதிரி"யும் காற்றில் போயின. வாய்வு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் வேறொரு இடத்தில் ஈசிஜி எடுத்தபோது அது மாரடைப்பு. அம்மா பிழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. வெளியே அறுபது பேர் நின்றார்கள், அவர் ஒற்றை ஆள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலி என்று தெளிவாக வராமல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், சோர்வு என்று வேஷம் போட்டு வருவதுண்டு என்பதை அவரும் படித்திருப்பார். ஆனால் படித்த புத்தகத்தில் அது ஆங்கிலத்தில் இருந்திருக்கும். எங்கள் அம்மாவின் வாயிலிருந்து அது "வாய்வு" என்று வந்தது.

அதனால் ஒரு குட்டி நோட்டு வாங்குங்கள், கோட் பாக்கெட்டில் அடங்குகிற அளவில். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில், விசாரித்த பிறகு அது என்னவாக இருந்தது என்று எழுதுங்கள். பெயரும் படுக்கை எண்ணும் வேண்டாம், சொல் மட்டும் போதும். மயக்கம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது தலைசுற்றல், ஒருவருக்குக் கண் இருட்டுவது, ஒருவருக்குக் குமட்டல், இன்னொருவர் நிஜமாகவே விழுந்து எழுந்திருப்பார். நீங்கள் எழுதப்போகும் மாத்திரை நாலு பேருக்கும் ஒன்றா? படபடப்பு, கிறுகிறுப்பு, ஒக்காளம், மேல் நோவு, நெஞ்சுக் கரிப்பு என்று எழுத ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் பாதி நோட்டு தீர்ந்துவிடும்.

இதற்குத் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. உங்கள் பாடத்திட்டத்தில் குடும்பத் தத்தெடுப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா, கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களை ஒவ்வொரு மாணவரும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று? அதைப் பலர் கையெழுத்து வாங்கும் வேலையாக முடித்துவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். ரத்த அழுத்தம், எடை, கையெழுத்து, வேன். நீங்கள் போகும்போது ஒரு அரைமணி நேரம் கூடுதலாகத் திண்ணையில் உட்காருங்கள். அந்த வீட்டில் ஒரு படுகப் பாட்டி இருந்தால் உங்கள் ஏழாவது இலக்குக்கும் டீச்சர் கிடைத்தாயிற்று. அவர் தமிழ் பேசுவார்தான். ஆனால் வலியை எந்த மொழியில் முனகுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுக் கட்டுரை பற்றி. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள், 1907ல் தொடங்கியது. அங்கே 1918ல் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றி ஆராய ஆரம்பித்தார். அந்த அறைதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்குக் குடிபோய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் செய்தது என்ன? யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடம், மெட்ராஸ்காரர் சாப்பாட்டைத் தின்றவை கடைசி. (நம் சோற்றையும் ரசத்தையும் நினைத்து நான் வருத்தப்பட்ட சில தருணங்களில் இது ஒன்று.) கட்டுரைக்குத் தலைப்பு தேடி நூலகத்தில் உட்காராதீர்கள். அந்த நோட்டின் நாற்பதாவது பக்கத்தில் உங்களுக்கே ஒரு கேள்வி தட்டுப்படும். அப்போது சமூக மருத்துவத் துறையில் ஒரு ஆசிரியரிடம் போய் நில்லுங்கள்.

புத்தகம் மாதம் ஒன்று முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒன்று. என் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள், தூக்கம் வரும். தூக்கம் வேண்டுமென்றால் ஆரம்பிக்கலாம்.

எட்டாவது இலக்கை மட்டும் தொடாதீர்கள். கூடலூர் பஸ் நடுவட்டத்தைத் தாண்டும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் பாருங்கள், 1860களில் வெள்ளைக்காரர்கள் சின்கோனா பயிரிட்ட சரிவுகள் அவை. மருந்தியலில் நீங்கள் படிக்கும் மலேரியா மருந்தான குயினைன் அந்த மரத்துப் பட்டையிலிருந்து வந்தது. காய்ச்சலுக்கான மரம். அதைக் கடந்துதான் ஒவ்வொரு மாதமும் பாட்டியிடம் போகிறீர்கள்.

இந்த முறை தெர்மாமீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உள்காய்ச்சல் எப்போது வருகிறது, சாயந்திரமா, ராத்திரியா? எங்கே சுடுகிறது, கண்ணிலா, உள்ளங்காலிலா? வாய் கசக்கிறதா? இருமல் உண்டா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா? ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த உடம்பு, ரத்தம் எத்தனை இருக்கிறது என்றும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பாட்டி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் நிரம்பியதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். நானும் அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்னவென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து