குருப்பட்டம் இல்லாதவர் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கிக்கலாமா?

தாராளமாகப் பிரசங்கிக்கலாம். மெதடிஸ்ட் இயக்கம் வளர்ந்ததே அப்படிப்பட்டவர்களால்தான். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு என்ற சாதாரண விசுவாசி லண்டனில் பிரசங்கிப்பதாகக் கேள்விப்பட்டு, தடுக்கத்தான் ஓடிவந்தார். வெஸ்லியின் தாய் சூசன்னாதான், "முதலில் அவன் பேசுவதைக் கேள்" என்று மகனை அடக்கினார். அமெரிக்காவில் மெதடிஸ்ட் சபையை வளர்த்த பிரான்சிஸ் ஆஸ்பரியும் 1771-இல் அங்கே போனபோது லே பிரசங்கியார்தான், அதாவது குருப்பட்டம் இல்லாதவர்தான். குருப்பட்டம் கிடைத்தது 1784-இல்.

ஐக்கிய மெதடிஸ்ட் சபையில் லே ஸ்பீக்கராக (குருப்பட்டம் இல்லாத பிரசங்கியாராக) விரும்பினால் ஆயரின், அதாவது சபைப் போதகரின் பரிந்துரை, சபையின் ஒப்புதல், பயிற்சி வகுப்புகள் எல்லாம் வேண்டும். ஆராதனை நடத்தலாம், செய்தி கொடுக்கலாம்; ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆயர் பொறுப்பு.

பேச்சு வன்மையைவிட வேதத்தை நிதானமாகப் படித்துத் தயாரிப்பதுதான் கடினம் என்பேன். ஆயர் ஊரில் இல்லை என்று சனிக்கிழமை இரவுதான் அழைப்பு வரும்!