பனியனை இடுப்புவரை இழுக்கட்டும்: மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோருக்குக் கேள்வி பதில்

என் மகனுக்கு இப்போது 24 வயது. அவனுக்காகத்தான் சிறப்புக் கல்வி படித்தேன். பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 15 வருடமாகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, மகனுக்கு 9 வயது. இரவு இரண்டு மணிவரை தூங்குவதில்லை. நான் ஐந்துக்கு எழ வேண்டும். போன வாரம் அவனை அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. (ஒரு தாய், திருப்பூர்)

தங்கச்சி, நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். அடி வாங்கிய பிள்ளை அழுதுகொண்டே என் முந்தானையில்தான் வந்து முகம் புதைத்தான். அது இன்றும் மறக்கவில்லை.

இனி அடி விழக்கூடாது என்றால் முதலில் உங்களுக்குத் தூக்கம் வேண்டும். வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றால் நடக்காது. செவ்வாயும் வெள்ளியும் இரவு பிள்ளை உங்கள் பொறுப்பு என்று கிழமை சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு நாளும் அவன் கத்தினாலும் நீங்கள் எழுந்து போகாதீர்கள். கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால், அவனைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு எதுவானாலும் இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சொல்லத் தெரியாது, விழித்துக் கிடப்பார்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

பையனுக்கு 11 வயது, உடம்பும் கனத்துவிட்டது. குளிப்பாட்டி, உடுத்திவிட்டு என் முதுகே போய்விட்டது. (ஒரு பாட்டி, தேனி)

அம்மா, கடைசிப் படியிலிருந்து சொல்லிக்கொடுங்கள். பனியனைத் தலையில் மாட்டி, கைகளையும் நுழைத்து, நெஞ்சோடு விட்டுவிடுங்கள். அவன் கையைப் பிடித்து ஓரத்தில் வைத்து "இழு" என்று சொல்லுங்கள். இடுப்புவரை இழுத்துவிட்டால் பனியன் போட்டது அவன்தான்! உடனே கைதட்டுங்கள். அது பழகிய பிறகு ஒரு கையை நுழைப்பது, அப்புறம் இன்னொரு கை. என் மகனுக்கு இது முடிய நான்கு மாதம் ஆனது. காலையில் அவசரம் என்று நாமே மாட்டிவிடுவதால்தான் பல பிள்ளைகள் பழகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள்.

மகள் வயதுக்கு வந்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். (ஒரு தாய், கடலூர்)

வேண்டாம். மாதத்தில் சில நாள் சிரமத்துக்காக நல்ல உடம்பில் கத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. மாற்றுத்திறனாளியின் சம்மதமில்லாமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் சிகிச்சை எதுவும் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஜட்டியில் நாப்கின் வைக்க வேண்டிய இடத்தைச் சுற்றித் தையல் போட்டுக் கொடுங்கள். சாதாரண நாளிலேயே ஒட்டி, எடுத்து, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடப் பழக்குங்கள். பல பெண்கள் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன ஜென்மத்துப் பாவம் என்று மாமியார் பிள்ளையை விசேஷங்களுக்குக் கூட்டிப்போக விடுவதில்லை.

கூட்டிப்போங்கள். முதலில் அரை மணி நேரம் போதும்.

மகனுக்கு 18 ஆகிவிட்டது. அவன் கணக்குக்குப் பாதுகாவலர் சான்று கேட்கிறது வங்கி. எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. (ஒரு தந்தை, சேலம்)

சார், 18 ஆனதும் பெற்றோர் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது, அங்கே மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்கும் தெரபிக்கும் கிடைக்கும்.

பிறகு யார் என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மகளிடம் "அண்ணனை நீதான் பார்க்கணும்" என்று நான் சொன்னதில்லை. அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாத்திரை நேரம், இடிச்சத்தத்துக்குப் பயம், ரசம் சாதம் என்றால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான், கோபத்தில் கையைக் கடித்தால் முதுகைத் தடவ வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. மாதம் ஒருநாள் என் தங்கை வீட்டில் அவனைத் தங்கவிடுகிறேன். முதல்முறை இரவெல்லாம் நான்தான் தூங்கவில்லை. அவன் தூங்கியிருக்கிறான்.