தொடங்கும் நல்ல பழக்கம் எல்லாம் நான்கே நாளில் நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

காலை நடை, இனிப்பைக் குறைப்பது, இரவு சீக்கிரம் தூங்குவது என்று எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். ஒன்றை மட்டும் எடுங்கள், அதையும் சின்னதாக.

நான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். மூக்கனேரிக்குப் போய் ஒரு மணி நேரம் நடப்பேன் என்று முடிவு செய்தபோதெல்லாம் அது நிலைக்கவில்லை. 'காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை' என்று மாற்றிய பிறகுதான் நடை பழகியது. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு புதியதை முடிச்சுப் போட்டுவிட்டால், மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தீனியும் அப்படித்தான். தட்டுவடை செட் கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்பினேன், பாதி ஆசை அதிலேயே குறைந்தது.

அப்புறம், 21 நாளில் பழகிவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் சுமார் 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா அன்று விட்டுப்போனால் பரவாயில்லை, மறுநாள் காலை அதே டம்ளர், அதே செருப்பு.