ரேஞ்சர்ஸ் ஏன் சரிஞ்சது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் நியூ ஜெர்சில இருக்கேன், ஐடி வேலை. ஊர்ல இருந்தவரைக்கும் கிரிக்கெட்டைத் தவிர வேற எதையும் உக்காந்து பாத்ததில்ல. இங்க வந்தப்புறம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போனார், அன்னைக்குப் பிடிச்சதுதான், இப்ப நானும் என் பையனும் நியூயார்க் ரேஞ்சர்ஸ்ங்கற ஐஸ் ஹாக்கி டீமோட மேட்ச் ஒண்ணு விடறதில்ல.

2023-24 சீசன்ல 55 மேட்ச் ஜெயிச்சு லீக்லயே முதலிடம் வந்த டீம். அடுத்த 2024-25ல ப்ளேஆஃபுக்கே, அதான் ஸ்டான்லி கப்புக்கான கடைசிச் சுற்றுகளுக்கே, போகல. அந்த வருத்தம் ஆறறதுக்குள்ள 2025 ஜூன்ல எங்க பழைய ஸ்டார் கிறிஸ் கிரைடரை அனாஹைம் டீமுக்கு டிரேட் பண்ணி மாத்திவிட்டுட்டாங்க. பையன் எப்பவும் அவரோட 20-ம் நம்பர் ஜெர்சிதான் போட்டுட்டுத் திரிவான், அவனுக்கு என்ன சொல்றதுனே தெரியல.

ஏறக்குறைய அதே ஆளுங்க, அதே கோச், ஒரே வருஷத்துல எப்படி இப்படிக் கவுந்தாங்க? எனக்குத் தோணறது பணம்தான். கோலி (கோல்கீப்பர்) ஷெஸ்டர்கினுக்கு 8 வருஷத்துக்கு 92 மில்லியன் டாலர், கோல் அடிக்கற லஃப்ரெனியேருக்கு 7 வருஷ ஒப்பந்தம், கையெழுத்து போட்டதும் உழைப்பு போயிடுச்சு. நீங்க ஹாக்கி தொடர்ந்து பாக்கறவர், இது சரியா? இன்னொண்ணு, பேசாம பக்கத்துலயே இருக்கற நியூ ஜெர்சி டெவில்ஸ் டீமுக்கு மாறிடலாமான்னும் யோசிக்கறேன்.

அன்புடன்,
எஸ்., நியூ ஜெர்சி

---

அன்புள்ள எஸ்.,

பையனுக்கு முதல்ல. அந்த ஜெர்சிய மாத்த வேண்டாம்னு சொல்லுங்க. கிரைடர் 2012ல பாஸ்டன் காலேஜ்லருந்து நேரா ப்ளேஆஃப் நடுவுல வந்து இறங்கினவர், அப்பலருந்து இந்த ஒரே டீம்தான், 883 மேட்ச், 326 கோல். ரேஞ்சர்ஸுக்காக அதிக கோல் அடிச்சவங்கள்ல மூணாவது இடம், அவருக்கு மேல ராட் கில்பர்ட்டும் ஜான் ரட்டெல்லும்தான் இருக்காங்க. அனாஹைம் போனதால அந்த 326ல ஒண்ணு கூட குறையாது. டெவில்ஸ் பத்திக் கேட்டீங்களே, அது உங்க இஷ்டம், ஆனா இப்ப இருக்கற கோவத்துல முடிவெடுக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

பணம்ங்கற காரணத்தை நான் ஒத்துக்க மாட்டேன். லஃப்ரெனியேர் விஷயத்துல உங்க சந்தேகத்துக்கு இடம் இருக்கு, 28 கோல் அடிச்சவர் 17க்கு இறங்கினார், சரி. ஆனா கிரைடர், ஸிபனெஜாட், பனாரின், ஃபாக்ஸ்னு முக்கியமான ஆட்டக்காரங்க எல்லாருக்கும் பெரிய ஒப்பந்தம் இதுக்கு முன்னாடியே இருந்துச்சு, அதே சம்பளத்தை வாங்கிட்டுதான் 114 பாயின்ட் எடுத்து முதலிடம் வந்தாங்க. பணம்தான் ஆளைக் கெடுக்கும்னா 2023-24லயே கெடுத்திருக்கணும். ஷெஸ்டர்கின் சேவ் சதவீதம், அதாவது தன்னை நோக்கி வந்த அடிகள்ல அவர் தடுத்த பங்கு, .913லருந்து .905க்கு இறங்குச்சு, உண்மை, ஆனா 2024-25 மேட்ச் எதையாவது திரும்பப் போட்டுப் பாருங்க, அவருக்கு முன்னாடி டிஃபென்ஸ் திறந்து கிடக்கும், எதிராளிங்க ரெண்டு பேர் தனியா பக்கோட (பந்துக்குப் பதிலா இருக்கற வட்டு) வந்து நிப்பாங்க, நம்ம ஆளுங்க பின்னால துரத்திட்டு வருவாங்க. எந்த கோலியா இருந்தாலும் அதுக்கு மேல என்ன பண்ணுவார்?

ஆட்டத்துக்குள்ள ஒரு காரணம் இருக்கு, அதைப் பேசாம மத்ததுக்குப் போகக் கூடாது. எதிர் டீம்ல ஒருத்தர் தப்பு பண்ணி ரெண்டு நிமிஷம் வெளிய உக்காந்தா நமக்கு ஒரு ஆள் கூடுதலா இருக்கற பவர் ப்ளே, அதுதான் இந்த டீமோட சாப்பாடே. 2024-25 வரைக்கும் மேல ஃபாக்ஸ், வலது பக்கச் சுவரை ஒட்டி பனாரின், இடது வட்டத்துல ஸிபனெஜாட் மட்டையை ஓங்கிக் காத்திருப்பார், நடுவுல ட்ரோச்செக், கோலி மூக்குக்கு நேரா கிரைடர். கிரைடரோட வேலை என்னன்னா கோலி கண்ணுக்குப் பக் தெரியாம மறைச்சு நிக்கறது, முதுகுல மட்டையால குத்து வாங்கிட்டே நிக்கறது, மேலருந்து அடிச்சு வர்ற பக்கை மட்டை நுனியால லேசா தட்டி திசை மாத்தறது. 2021-22ல அவர் அடிச்ச 52 கோல்ல 26 பவர் ப்ளேல வந்தது, அந்த வருஷம் லீக்லயே அதிகம். வருஷக்கணக்கா ஏறக்குறைய இதே அமைப்பு, இதே பாஸ், எதிராளிங்க மனப்பாடம் பண்ணிட்டாங்க. கிரைடருக்கு முதுகு வேற படுத்துச்சு, 39 கோல் அடிச்சவர் 22ல நின்னார். 26 சதவீதத்துக்கு மேல கோலா மாறின பவர் ப்ளே 17.6க்கு விழுந்து 32 டீம்ல 28வது இடத்துக்குப் போச்சு. ரெண்டு பக்கமும் சரிசமமா அஞ்சுக்கு அஞ்சு ஆடறப்ப இந்த டீம் முதலிடம் வந்த வருஷத்துலயே சாதாரணம்தான், பவர் ப்ளேவும் ஷெஸ்டர்கினும் அதை மூடி மறைச்சுட்டு இருந்தாங்க. மூடி போனதும் எல்லாம் வெளிய தெரிஞ்சிடுச்சு.

அதனால டீமை மாத்தணும்னு ஜெனரல் மேனேஜர் கிறிஸ் ட்ரூரி நினைச்சதுல தப்பு இல்ல. 2024-25ல டீமோட மொத்த சம்பளத்துக்கு இருந்த 88 மில்லியன் டாலர் உச்சவரம்புக்குள்ள எல்லாத்தையும் அடக்க வேண்டியிருந்துச்சு, கேப்டன் ட்ரூபா ஒருத்தருக்கே 8 மில்லியன், யாரையாவது அனுப்பாம புது ஆளைக் கொண்டுவர முடியாது. நோயை அவர் சரியாத்தான் கண்டுபிடிச்சார். வைத்தியம் பண்ண விதம்தான் 2024-25 சீசனைக் கொன்னுச்சுங்கறது என் முடிவு, இதை நான் ரொம்ப நாளா யோசிச்சுட்டுதான் சொல்றேன்.

2024 ஜூன்லருந்து பாருங்க. பார்க்லே குட்ரோன்னு ஒருத்தர், பெரிய ஸ்டார் கிடையாது, சீசன் முழுக்க 4 கோல் அடிச்சவர் ப்ளேஆஃப்ல மட்டும் 6 அடிச்சார், ஃப்ளோரிடாவுக்கு எதிரா ரெண்டாவது மேட்சை ஓவர்டைம்ல ஜெயிச்சுக் கொடுத்தது அவரோட கோல்தான். ஒப்பந்தத்துல அவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்துச்சு, 15 டீம் பேரைக் குடுத்து இங்கெல்லாம் என்னை டிரேட் பண்ணாதீங்கன்னு சொல்லலாம். ஆனா அது டிரேடுக்குத்தான் செல்லும். வேவர்ஸ்ங்கற பட்டியல்ல போட்டா எந்த டீம் வேணா எடுத்துக்கலாம், ஆளைக் கேக்கவே வேண்டியதில்ல. அப்படிப் போட்டாங்க, அந்த வருஷம் லீக்ல கடைசி இடத்துல இருந்த சான் ஹோசே எடுத்துக்குச்சு. விதிப்படி தப்பே இல்ல. ஆனா அந்த கோல் அடிச்சு ஒரு மாசம் கூட ஆகல, ட்ரெஸ்ஸிங் ரூம்ல இருக்கற ஒவ்வொருத்தரும் அதைப் பாத்துட்டுதானே இருந்தாங்க?

அதே கோடைல கேப்டன் ஜேக்கப் ட்ரூபாவை அனுப்பப் பாத்தாங்க, குடும்பம் நியூயார்க்ல இருக்குன்னு அவர் தன்னோட உரிமையைப் பயன்படுத்தி மறுத்துட்டார். சரி, அதே ஆள் கேப்டனா சீசன் தொடங்குது. அப்படியும் முதல் 17 மேட்ச்ல 12 ஜெயிச்சாங்க! அப்புறம் கால்கரிலயும் எட்மண்டன்லயும் அடுத்தடுத்து தோத்தாங்க, அந்த நேரத்துல, நவம்பர் கடைசில, ட்ரூரி மத்த டீம் மேனேஜர்களுக்கெல்லாம் ஒரு மெசேஜ் அனுப்பறார், டீம்ல மாத்தம் பண்ணத் தயாரா இருக்கோம்னு, அதுல ட்ரூபா பேரும் கிரைடர் பேரும் குறிப்பிட்டே இருக்கு. அது வெளிய கசிஞ்சு மொத்த ஊருக்கும் தெரிஞ்சுபோச்சு.

நீங்க ஐடில இருக்கீங்க, உங்க மேனேஜர் உங்க ரெசுமேவை ஊர்ல இருக்கற எல்லா கம்பெனிக்கும் அனுப்பி இவரை எடுத்துக்கறீங்களான்னு கேட்டு, அந்த மெயில் உங்க டீம் கைல கிடைச்சா மறுநாள் காலைல எந்த மனசோட லாக்இன் பண்ணுவீங்க? அதுவும் உங்க ஒருத்தர் பிரச்சனையா நிக்காது, பக்கத்து சீட்காரர் அடுத்து நான்தானோன்னு உக்காந்திருப்பார்.

அந்த 17 மேட்சுக்கு அடுத்த 19ல ஜெயிச்சது வெறும் 4. டிசம்பர் 6ம் தேதி ட்ரூபா அனாஹைம் போறார், சம்மதிக்கலைன்னா வேவர்ஸ்தான்ங்கற நிலைமைல சம்மதிச்சுப் போறார். அதே நாள்தான் ஷெஸ்டர்கினோட 92 மில்லியன் ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. 2019 டிராஃப்ட்ல (டீம்ங்க வரிசையா புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கற நிகழ்ச்சி) ரெண்டாவது ஆளா எடுத்த காக்கோவை ஒரு மேட்ச்ல உக்கார வெச்சாங்க, டீம் சரியா ஆடாததுக்குச் சின்னப் பையனைத் தூக்கறது சுலபம்ங்கற மாதிரி அவர் வெளிப்படையாவே பேசினார், அந்த வாரமே சியாட்டிலுக்கு டிரேட். கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி டெவில்ஸ்கிட்ட 5-0ன்னு தோத்தாங்களே, அந்த மேட்ச்ல கிரைடரை நல்ல உடம்போட வெளிய உக்கார வெச்சாங்க. ஜனவரி கடைசில வான்கூவர்லருந்து ஜே.டி. மில்லர் வந்தார், நல்ல டிரேட்தான், அவர் வந்து நல்லாவும் ஆடினார், ஆனா அதுக்குள்ள ரொம்ப பின்தங்கிட்டாங்க. ஏப்ரல்ல 39 வெற்றி, 85 பாயின்ட்டோட முடிஞ்சுது. கோச் லாவியலெட்டை வேலையை விட்டு எடுத்தாங்க, கொஞ்ச நாள்ல ட்ரூரிக்கு ஒப்பந்தத்தை நீட்டிச்சாங்க. எனக்கு இதுதான் பொறுக்கல.

ஏன்னா ட்ரூரி யாருன்னு பாருங்க. இதே ரேஞ்சர்ஸுக்குக் கேப்டனா இருந்தவர். 2011ல ஒப்பந்தம் முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மீதிப் பணத்துல ஒரு பங்கைக் குடுத்து இதே டீம் அவரை வெளிய அனுப்புச்சு. கேப்டனை வேண்டாம்னு சொன்னா அந்த ஆளுக்கு எப்படி இருக்கும்னு லீக்ல வேற எந்த மேனேஜரை விடவும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

டிரேடே பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல, அதுக்கு டாம்பா பேயைப் பாத்தா போதும். 2018-19ல 62 மேட்ச் ஜெயிச்சு அப்ப இருந்த ரெக்கார்டைச் சமன் பண்ணினாங்க, 128 பாயின்ட். ப்ளேஆஃப் முதல் ரவுண்ட்ல கொலம்பஸ்கிட்ட முதல் மேட்ச்ல 3-0ன்னு முன்னாடி இருந்துட்டு 4-3ல தோத்து, அப்படியே நாலு மேட்சும் போச்சு. முதலிடம் வந்த டீம் முதல் ரவுண்ட்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம போனது அதுதான் முதல் தடவை. ஊரே கோச் ஜான் கூப்பரைத் தூக்குன்னு கத்துச்சு. மேனேஜர் ஜூலியன் ப்ரீஸ்புவா தூக்கல, ஸ்டாம்கோஸ், ஹெட்மன், குச்செரோவ் யாரையும் தொடல. முக்கியமான ஆள்ல ஒருத்தரை டிரேட் பண்ணினார், அது வேற யாரும் இல்ல, இப்ப நம்ம டீமுக்கு வந்திருக்கற அதே ஜே.டி. மில்லர். அந்த டிரேட்ல வந்த முதல் ரவுண்ட் பிக்கை (டிராஃப்ட்ல முதல் சுற்றுல ஆள் எடுக்கற உரிமை) குடுத்துதான் மறு வருஷம் ப்ளேக் கோல்மனை வாங்கினாங்க, இன்னொரு முதல் ரவுண்ட் பிக்கைக் குடுத்து வாங்கின ஆள் யாருன்னா குட்ரோ! நீங்க நம்ப மாட்டீங்க, அந்த ரெண்டு பேரும் யானி கூர்டும் சேர்ந்து மூணு பேரா ஆடின மூணாவது லைன் எதிராளியோட பெரிய ஆளுங்களை ஆடவே விடல. 2020ல மறுபடி அதே கொலம்பஸ் முதல் ரவுண்ட்ல, முதல் மேட்ச் அஞ்சாவது ஓவர்டைம் வரைக்கும் போய் ப்ரேடன் பாயின்ட் கோல் போட்டு முடிச்சார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கப் அவங்களுக்குத்தான். குட்ரோவுக்காக முதல் ரவுண்ட் பிக் குடுத்த டீமுக்கு ரெண்டு கப், அவரை வேவர்ஸ்ல போட்ட டீமுக்கு 2024-25 மாதிரி ஒரு சீசன்.

ரேஞ்சர்ஸுக்கே இது தெரியாத வழி இல்ல. 2018 பிப்ரவரில இதே நிர்வாகம், அப்ப பொறுப்புல இருந்தவங்க, ரசிகர்களுக்கு வெளிப்படையா ஒரு கடிதம் எழுதினாங்க, டீமைப் புதுசா கட்டப் போறோம், உங்களுக்குப் பிடிச்ச சில ஆளுங்க போயிடுவாங்கன்னு. ரசிகர்களுக்கு வலிச்சுது, அப்பத்த கேப்டன் மெக்டோனா போனார், மில்லரும் அவர்கூடத்தான் டாம்பாவுக்குப் போனார். ஆனா யாரும் ஏமாத்தப்பட்டோம்னு நினைக்கல. அந்தக் கடிதத்துக்கு அப்புறம் கட்டின டீம்தான் நீங்க காதலிச்ச இந்த டீம்.

இப்ப டெவில்ஸ் விஷயம். 1985-86லருந்து 2024-25 வரைக்கும் பாத்தா, முதலிடம் வந்துட்டு அடுத்த வருஷம் ப்ளேஆஃபை விட்டது நாலு தடவைதான், அதுல ரெண்டு தடவை ரேஞ்சர்ஸே. முதல் தடவை 1991-92ல முதலிடம், 1992-93ல வெளிய. அப்பவும் கேப்டன் மெஸ்ஸியேவுக்கும் கோச் ராஜர் நீல்சனுக்கும் ஒத்துப்போகல, சீசன் நடுவுல கோச்சை மாத்தினாங்க, பெரிய டிஃபென்ஸ்மேன் ப்ரையன் லீச் டாக்ஸிலருந்து இறங்கறப்ப வழுக்கி விழுந்து கணுக்காலை உடைச்சுக்கிட்டார். அதுக்கு அடுத்த சீசன்ல புது கோச் மைக் கீனன் வந்தார், மறுபடி முதலிடம், 1994 ஜூன்ல கப், 54 வருஷம் கழிச்சு. அப்பவும் 1993 கோடைல ஜெர்சிக்காரங்க நிறைய பேர் உங்களை மாதிரியே யோசிச்சிருப்பாங்க.

அது திரும்ப நடக்கும்னு நான் சொல்லல, அப்பத்த டீமுக்கு மெஸ்ஸியே இருந்தார், இப்ப இருக்கறவங்களுக்கு வயசாகுது. ஆனா 2025 மேல கோச்சா வந்த மைக் சல்லிவன் பிட்ஸ்பர்க்ல ரெண்டு கப் ஜெயிச்சவர், ஃபாக்ஸ், ட்ரோச்செக், மில்லர் மூணு பேரையும் 2025 பிப்ரவரில அமெரிக்க அணில வெச்சு ஆட்டிப் பாத்தவர். இனிமே நான் முதல்ல பாக்கப் போறது பவர் ப்ளேல கிரைடர் நின்ன இடத்துல யாரை நிறுத்தறாங்கன்னுதான், அதே அமைப்பை வேற ஆளை வெச்சு ஓட்டினா எனக்குக் கவலை. அடுத்தது கேப்டன். ட்ரூபா போனதுலருந்து காலியா கிடந்த அந்த இடத்தை 2025 செப்டம்பர்ல மில்லருக்குக் குடுத்தாங்க.  அவரைக் கூப்பிட்டு இத்தனை வருஷம் உன்னை எங்கயும் அனுப்ப மாட்டோம்னு ட்ரூரி நேர்ல சொல்லணும்.