என் டாங்கி ஏன் பொம்மையாகவே நிற்கிறது?

மாடல் மேசை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருவையும் சேற்றையும் பற்றித்தான். எனக்குச் சந்தோஷமே. 31 வருடம் புல்டோசர் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸில் புரண்டவனிடம் வேறு எதைக் கேட்பீர்கள்?

கேள்வி (கல்லூரி மாணவர் ஒருவர்): மூன்று மாதம் உட்கார்ந்து 1:35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு), இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் டாங்கியான டைகரின் பிளாஸ்டிக் மாடலைக் கட்டினேன். கீறல், துரு, சேறு எல்லாம் போட்டேன். ஆனாலும் நண்பர்கள் “பொம்மையைச் சாக்கடையில் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது” என்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: படத்தைப் பார்த்தேன், தம்பி. கட்டியிருப்பது சுத்தமான வேலை. பீரங்கிக் குழலின் நீளத்துக்கு ஓடும் அச்சுக்கோட்டைக்கூட உப்புத்தாள் போட்டு எடுத்திருக்கிறீர்கள். நான் முதல் நான்கு மாடல்களில் அதைச் செய்யவே இல்லை. உங்கள் கையில் கோளாறு இல்லை, கணக்கில்தான்.

ஸ்கேலை எடுத்து டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) பக்கவாட்டில் இருக்கும் அந்தப் பெரிய கீறலை அளந்து பாருங்கள். படத்தில் 3 மில்லிமீட்டர் போலத் தெரிகிறது. 35 ஆல் பெருக்கினால் பத்தரை சென்டிமீட்டர். நிஜ வண்டியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் யாருடைய கையும் காலும் படாத இடத்தில். அதை உரித்தது யார்?

இன்னொரு கணக்கு. மாடலை நாம் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதே 35 ஆல் பெருக்கினால், நிஜ டைகரிலிருந்து பத்தரை மீட்டர் தள்ளி நிற்கிறோம். அவ்வளவு தள்ளி நின்றால் கீறல்கள் தனித்தனியாகத் தெரியாது. விளிம்புகள் கொஞ்சம் மங்கியிருப்பதும், மொத்த வண்டியும் புழுதியில் வெளுத்திருப்பதும்தான் தெரியும். நீங்கள் கீறலில் நூறு பங்கு உழைத்து, புழுதியில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை.

டோசரில் ஆபரேட்டர் தினமும் ஒரே இடத்தில்தான் கால் வைத்து ஏறுவார். அந்தப் படி, அவர் பிடிக்கும் கைப்பிடி, பானட் மூடியைத் திறக்கும் ஓரம், டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி ஒரு கறுத்த வட்டம்: பெயின்ட் போவதும் அழுக்கு சேர்வதும் அங்கெல்லாம்தான். நடுத் தகடு பல வருடம் கழித்தும் பெயின்டோடுதான் இருக்கும், வெயிலில் வெளுத்திருக்கும், அவ்வளவே. டைகரில் ஐந்து பேர் ஏறி இறங்கினார்கள். எங்கே கால் வைத்திருப்பார்கள், எந்த மூடியைத் தினமும் திறந்திருப்பார்கள் என்று மாடலின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் நிற்கும் இடத்தில் கீறல் போடுங்கள்.

துருவும் அப்படித்தான். டைகரின் முன் தகடு 100 மில்லிமீட்டர் கனம். அதில் துரு வழிந்து ஓட வேண்டுமானால் வண்டி பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்திருக்க வேண்டும். போரில் பல டாங்கிகள் சில மாதங்களில் அழிந்தன, துருப்பிடிக்க அவகாசமே இல்லை. ஆனால் பின்னால் இருக்கும் புகைக்குழாய் வேறு கதை. அந்தச் சூட்டில் பெயின்ட் கருகி உதிர்ந்துவிடும், ஒரே மழையில் இரும்பு சிவக்கும். மெல்லிய மட்கார்டும் நசுங்கும், உரியும். உங்கள் துருவையெல்லாம் அங்கே கொண்டுபோங்கள்.

இப்போதைக்கு பெயின்டைச் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அடிநிறத்தையே நன்றாக நீர்க்கக் கலந்து பெரிய கீறல்களை மூடுங்கள். அப்புறம் பஞ்சு ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிய்த்து, அடிநிறத்தைவிட ஒரு படி வெளுத்த நிறத்தைத் தொட்டு, அதைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் லேசாகத் தட்டுங்கள். இது மேலோட்டமான சிராய்ப்பு. அதில் பத்தில் ஒன்றுக்கு மட்டும் நடுவில் கரும்பழுப்புப் புள்ளி, அது இரும்பு வரை போன அடி. வெள்ளி நிறத்தை மட்டும் தொடாதீர்கள். கடைசியில் வெளிர்மண் நிறத்தில் மெல்லிய புழுதிப் பூச்சு, கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. செய்துவிட்டு மறுபடி படம் அனுப்புங்கள்.

கேள்வி: டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினுக்குத் துரு நிறம்தானே அடிக்க வேண்டும்? மாடல் கிட்டின் விளக்கத்தாளில் “கருப்பு” என்று போட்டிருக்கிறதே?

பதில்: இரண்டும் இல்லை. இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயின் வண்டியை ராத்திரி மழையில் நிறுத்திவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் செயின் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பார்த்தவர் பயந்துவிடுவார். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தரையில் படும் பகுதியெல்லாம் பளபளவென்று ஆகிவிடும், பள்ளங்களில் மட்டும் துருவும் மண்ணும் தங்கும். ஆக, ஓடும் வண்டியின் செயினில் மூன்று நிறம்: அடிநிறமாகப் பழுப்பு கலந்த கருஞ்சாம்பல், பள்ளத்தில் அந்த ஊர் மண்ணின் நிறம், தரையில் தேயும் மேடுகளில் இரும்பின் மினுமினுப்பு. மினுமினுப்புக்கு வெள்ளி பெயின்ட் வேண்டாம். 2பி பென்சில் முனையைத் தூளாக்கி விரலால் மேடுகளில் தேயுங்கள், அதுவே நிஜ இரும்பு மாதிரி இருக்கும்.

உள்பக்கத்தையும் பாருங்கள். ஆரம்ப கால டைகரின் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு, பிற்காலத்தில் வந்தவற்றுக்கு இரும்பு விளிம்பு. இரும்பின் மேல் இரும்பு ஓடினால் அந்தத் தடமும் பளபளக்கும். ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கிக்கு இரும்புச் செயின், ரப்பர் கட்டைச் செயின் இரண்டும் இருந்தன. ரப்பர் கட்டை போட்டிருக்கிறீர்கள் என்றால் கட்டைகளில் பென்சிலைத் தேய்க்காதீர்கள். கட்டைகளை இணைக்கும் ஓரத்து இரும்புத் துண்டுகள் மட்டும்தான் மின்ன வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: தொய்வு. டைகருக்கும் சோவியத் டாங்கியான டி-34க்கும் மேலே செயினைத் தாங்கும் சின்ன ரோலர்கள் கிடையாது, செயின் பெரிய சக்கரங்களின் மேலேயே படுத்துக்கொண்டு வரும். பற்சக்கரத்தை விட்டு இறங்கியதும் அது தொங்கி முதல் சக்கரத்தில் போய் உட்கார வேண்டும். கிட்டோடு வரும் வினைல் செயினை அப்படியே மாட்டினால் ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக நிற்கும், டாங்கி பொம்மையாகிவிடும். சக்கரத்தின் மேல் துளி சூப்பர் குளூ வைத்து, செயினைக் குச்சியால் அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள். ஷெர்மனில் மேலே ரோலர் உண்டு, அங்கே இவ்வளவு தொய்வு வைத்தால் தப்பு. ஒர்க்‌ஷாப்பில் செயினைக் கண்டபடி இறுக்கினாலும் திட்டு விழும், தொங்கவிட்டாலும் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில்தான் இப்போது மற்றவர்களின் மாடலைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எல்லாம் முடிந்து வாஷ் (இடுக்குகளில் அழுக்குப் போலத் தெரிய வைக்கும் நீர்த்த பெயின்ட்) போட்டேன். மறுநாள் காலையில் சக்கரம் மாட்டும் தண்டுகள் இரண்டு தானாகவே விரிசல் விட்டு உடைந்திருந்தன. பிளாஸ்டிக் மட்டமா?

பதில்: பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல வேண்டாம். எனாமல் வாஷில் இருக்கும் தின்னர், இழுவையில் இருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் (கிட்டின் பிளாஸ்டிக் அதுதான்) புகுந்தால் அது விரிசல் விடும். உங்கள் வினைல் செயின் இறுக்கமாக இருந்து தண்டுகளை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். நீங்கள் வாஷைத் தொட்டு வைக்காமல் ஊற்றியிருப்பீர்கள், பெயின்ட் படாத மூட்டுக்குள் அது இறங்கி ராத்திரி முழுக்கத் தேங்கி நின்றிருக்கும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐந்து பேர். அதில் ஒருவர் பல் மருத்துவர். அவருடைய பான்தர் டாங்கிக்கும் இதே கதிதான், ஒரே ராத்திரியில் நான்கு சக்கரம் கீழே. உடைந்த இடத்தில் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி செருகி, பல்லுக்கு வேர் கட்டுவது போலக் கட்டிவிட்டார். நீங்களும் கம்பி வையுங்கள். அடுத்த முறை அடிப்பகுதி முழுவதும் பிரைமர் படட்டும், வாஷை நுனித் தூரிகையால் மூலைகளில் மட்டும் தொட்டு வையுங்கள், செயினைக் கடைசியில் மாட்டுங்கள்.

கேள்வி: ஒட்டிய டீக்கால் (எண்ணும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஓரம் வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஏன்?

பதில்: சொரசொரப்பான மேட் பெயின்டின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள், அடியில் காற்று மாட்டிக்கொண்டது. முதலில் பளபள வார்னிஷ், அதன் மேல் டீக்கால், அதை இளக்கும் திரவம், கடைசியில் மேட் வார்னிஷ். ஏற்கனவே ஒட்டியதில் ஊசியால் நாலைந்து குத்து குத்தி அதே திரவத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி: 1:35 என்று ஏன் இப்படி ஒரு விசித்திரமான அளவு?

பதில்: பேட்டரிதான் காரணம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பான்தர் கிட்டைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை வைத்தார்கள். அது கிட்டத்தட்ட 35இல் ஒரு பங்காக அமைந்தது. மற்ற கம்பெனிகளும் பின்னால் வந்தன. பேட்டரி போய்விட்டது, அளவு நின்றுவிட்டது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்கள் குழுவில் ஒருவர் எல்லோருடைய மாடலிலும் ஆணி எண்ணுகிறார். “இந்த மஞ்சள் தப்பு, அந்தக் கொக்கி அந்த வருடத்தில் கிடையாது” என்று. புதிதாக வந்த இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: மஞ்சளைப் பற்றிப் பேசினால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் டாங்கிகள் கரும்மஞ்சள் அடிநிறத்தோடு வந்தன. அதன் மேல் பூச வேண்டிய பச்சையையும் செம்பழுப்பையும் பசையாக டப்பாவில் கொடுத்தார்கள். வண்டிக்காரர்களே பெட்ரோலோ தண்ணீரோ கலந்து அடித்தார்கள். ஒருவர் தண்ணியாகக் கலந்திருப்பார், ஒருவர் கெட்டியாக. அதற்கு மேல் வெயில், புழுதி. இதில் ஒரே சரியான நிறம் என்று எந்தப் பாட்டிலைக் காட்டுவார்?

ஆனால் அவரைத் துரத்திவிடாதீர்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன் நான் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் எம்113 கவச வண்டி ஒன்றைக் கட்டினேன். இரும்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற தெனாவட்டில், பக்கத் தகடு முழுக்கத் துரு. ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் ஒரு செங்கோடு வழிகிறது. ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் இழுத்த கோடுகள், அழகென்றால் அப்படி ஒரு அழகு. மேசையில் வைத்தேன். வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

“அண்ணே, அலுமினியத்துக்கு எப்போதிலிருந்து துருப் பிடிக்கிறது?”

எம்113இன் உடல் அலுமினியக் கவசம். 1960லிருந்தே அப்படித்தான். 31 வருடம் உலோகத்தோடு வாழ்ந்தவன் பார்க்க மறந்துவிட்டேன். அன்று எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து தின்னர் நனைத்த தூரிகையால் ஒவ்வொரு கோடாகத் துடைத்தேன். செயினில் மட்டும் துருவை விட்டுவைத்தேன், அது இரும்புதான். துடைத்த பிறகு மிஞ்சிய மெல்லிய செம்மண் சாயல் பார்க்க நிஜப் புழுதி போலவே இருந்தது, அதை வாத்தியாரே பாராட்டினார்.

இப்போது எங்கள் மேசையில் ஒரு ஏற்பாடு. மாடலைக் கொண்டுவருபவர் “குறை சொல்லலாம்” என்று சொன்னால்தான் வாத்தியார் வாயைத் திறப்பார். புதியவர்களிடம் கட்டுவதற்கு முன் பேசுவார், கட்டிய பின் பேச மாட்டார். உங்கள் ஆளையும் புதியவர்களுக்குப் படம் தேடிக் கொடுக்கும் வேலையில் உட்கார வையுங்கள். வராமல் போன அந்த இரண்டு பேருக்கும் நீங்களே போன் செய்யுங்கள்.

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். அக்ரிலிக்கை நீர்க்கக் கலந்து, அகலத் தூரிகையால், காயவிட்டுக் காயவிட்டு நாலு பூச்சு. அழுக்கு வேலையில் முக்கால்வாசி தூரிகையும் ஸ்பாஞ்சும்தான். ஏர்பிரஷ் வாங்கினால் கூடவே முகமூடியும் வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (ஓர் இல்லத்தரசி): என் கணவரின் டாங்கிகள் மேல் நிஜத் தூசி படிந்திருக்கிறது. துடைத்தால் “அது நான் போட்ட புழுதி” என்று கத்துகிறார். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அம்மா, நிஜத் தூசியில் துணி நூலும் முடியும் இருக்கும். அந்த அளவு வண்டியின் மேல் ஒரு பஞ்சு நூல் கிடந்தால் கயிறு போலத் தெரியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முகத்துக்குப் பவுடர் போடும் பெரிய மெத்துத் தூரிகையால் மேலிருந்து கீழாக வருடுங்கள், ஈரத் துணி மட்டும் வேண்டாம். அதற்கே அவருடைய புழுதி உதிர்ந்தால், ஃபிக்ஸர் போட்டு அவர் அதை ஒட்டவைக்கவில்லை என்று அர்த்தம். அப்போது நீங்கள் கத்தலாம்.