அவர் தூங்குகிறார், நான் கணக்குப் போடுகிறேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 43. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் சொந்தமாக டூரிஸ்ட் கார் வைத்து ஓட்டுகிறார். நான் வீட்டில் தையல். ஏப்ரல், மே சீசனில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் வாரத்துக்கு ஒரு டிரிப் கிடைப்பதே பெரிது. கார் டியூ மட்டும் மாதம் 13,800 ரூபாய், அது மழையையும் வெயிலையும் பார்ப்பதில்லை. மகளைக் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ப்பதற்காக நகையை வைத்து 1,10,000 வாங்கினோம். மகன் ஒன்பதாவது படிக்கிறான்.

அவர் நல்லவர் அக்கா. குடி, சீட்டு எதுவும் கிடையாது. எவ்வளவு வந்தாலும் அதில் பத்தில் ஒன்றைச் சபைக்குரிய தசமபாகமாக முதலில் எடுத்துக் கவரில் போட்டுவிடுவார். மீதியை என் கையில் கொடுத்து "நீ பார்த்துக்கோ" என்பார். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். டியூ தேதி தவறினால் ஃபைனான்ஸ்காரர்கள் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். மளிகைக் கடையில் பாக்கி சொல்வதும் நான்தான்.

இப்போது ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. எழுந்துபோய் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுவேன். நேற்று போட்ட அதே கணக்குதான். தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருக்கும், அவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், உனக்கு விசுவாசமே இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்.

போன மாதம் ஒரு கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், காணிக்கையை விதைத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்று சொன்னார். இவர் அங்கேயே கார்டில் 25,000 தருவதாக நேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் நகையை மீட்போம் என்றேன். "நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னார். நான் வாயடைத்துப் போனேன்.

என் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து, அங்கிருந்த நம் ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தார்கள். படுக்கப் போகுமுன் அரிசி டின்னை விரலால் தட்டி, எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்தை வைத்துப் பார்ப்பார். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தப் பயம்தான் எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

கவலைப்படுவது பாவம் என்று வேதபாடத்தில் சொல்கிறார்கள். இப்போது கவலைப்படுகிறேனே என்றும் சேர்த்துக் கவலைப்படுகிறேன். எனக்கு விசுவாசம் இல்லையா? கடன் தீரும்வரை காணிக்கையை நிறுத்தலாமா? எப்படி மறுபடி தூங்குவது?

பெயர் வேண்டாம், கோத்தகிரி.


அன்புத் தங்கைக்கு,

உங்கள் நெஞ்சுப் படபடப்பிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத் தைராய்டு, இரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் என்று பல காரணங்களால் இப்படிப் படபடப்பும் தூக்கக்கேடும் வரலாம். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, உங்கள் விசுவாசம். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார். நாள்தோறும்! அதற்காக அவரை விசுவாசம் இல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்களோ தூங்கிப்போனார்கள். தூங்கியவர்களைத்தான் அவர் கடிந்துகொண்டார் என்பதை உங்கள் வீட்டுக்காரரும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்பதைக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்கப் பழகிவிட்டோம். அவர் அதைச் சொன்னது உண்பதற்கும் உடுப்பதற்குமே திண்டாடிய ஜனங்களிடம். 'உங்களுக்குத் தேவையானது உங்கள் பிதாவுக்குத் தெரியும்' என்று பாரத்தை இறக்கி வைக்கிற பேச்சு அது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று முடிக்கும்போது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடு இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பாடே இல்லாததுபோல நடிக்க அவர் யாரையும் கேட்கவில்லை.

பண நெருக்கடி மனதை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அதே ஆள்தான், அதே அறிவுதான். ஆனால் கையில் காசு வற்றியிருக்கும் அறுவடைக்கு முந்தைய நாட்களில் யோசிக்கும் சோதனைகளில் குறைந்த மதிப்பெண்ணே எடுத்தார். பற்றாக்குறை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். உங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அப்படிப்பட்ட மாதங்கள். ராத்திரி மூன்று மணிக் கணக்கு எந்த முடிவுக்கும் வராமல் சுற்றிச்சுற்றி வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் வீட்டில் ஒருவருடைய நிம்மதிக்கு இன்னொருவர் தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். போன் வருவது உங்களுக்கு, கடைக்காரர் முகத்தைப் பார்ப்பது நீங்கள், தேதி பார்த்துப் பணம் புரட்டுவது நீங்கள். கணக்கு நோட்டைத் தொடாத ஒருவர் கவலையில்லாமல் இருப்பது சுலபம். அவர் விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை, வரவில் முதல் பங்கைக் கர்த்தருக்கு என்று எடுத்து வைக்கிற மனது பெரிய மனது. ஆனால் மீதி ஒன்பது பங்கும் கர்த்தருடைய காரியம்தான். "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது பாருங்கள். விசாரிப்பது என்றால் சம்பாதித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடாது. டியூ எத்தனை பாக்கி என்று தெரிந்திருப்பதும் அதில் சேரும்.

அதனால் நள்ளிரவுக் கணக்கைப் பகலுக்குக் கொண்டு வாருங்கள், இரண்டு பேருக்கும் பொதுவாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் போதும். அவர் கையாலேயே எழுதட்டும்: இந்த மாதம் வந்தது, டியூ, நகை வட்டி, ஹாஸ்டல், மளிகை பாக்கி. வாரத்துக்கு ஒருமுறை ஃபைனான்ஸ் போனை அவரே எடுக்கட்டும். ராத்திரி முழிப்பு வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி, "இது ஞாயிற்றுக்கிழமைக்கு" என்று நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். கவலைக்கென்று நேரம் ஒதுக்குகிற இந்த முறை 1980களிலிருந்தே உளவியல் சிகிச்சையில் இருக்கிறது. முதல் சில ராத்திரிகள் பலன் தெரியாது, விட்டுவிடாதீர்கள்.

சேமித்து வைப்பது அவிசுவாசம் என்று அவர் சொன்னால் இரண்டு களஞ்சியங்களைப் பற்றிப் பேசுங்கள். ஆதியாகமம் 41இல் யோசேப்பு, விளைச்சல் பெருகிய ஏழு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார். லூக்கா 12இல் ஒரு ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் பார்க்கிறான், தேவன் அவனை மதிகேடன் என்கிறார். இரண்டிலும் தானியம் ஒன்றுதான். யோசேப்பின் தானியம் பஞ்சத்தில் ஊராரை உயிரோடு வைத்தது. மற்றவன் தன் ஆத்துமாவோடு மட்டும் பேசிக்கொண்டான், புசி, குடி, பூரிப்பாயிரு என்று. அவன் பேச்சில் வேறு ஒரு மனுஷனே வரவில்லை. மே மாத டிரிப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை மழைக்கால டியூவுக்கென்று தனிக் கணக்கில் போட்டால் நீங்கள் யோசேப்பின் பக்கம்தான் நிற்கிறீர்கள். சீசன் வருமானத்தை நம்பி வாழும் மலை வீடுகளுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

இனி காணிக்கை. நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொடுக்கிற கை, பணம் நம் எஜமான் இல்லை என்று நமக்கே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகச் சொல்கிறது. சில மாதம் அளவு குறைந்தால் அதற்காகச் சாபம் வராது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது, ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு நியாயப்பிரமாணம் அனுமதித்த இரண்டு பறவைகளைத்தான் பலியிட்டார்கள்.

அவர் நேர்ந்துகொண்ட 25,000 ரூபாய்ப் பொருத்தனைக்கும் வேதத்திலேயே வழி இருக்கிறது. லேவியராகமம் 27:8ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பொருத்தனை பண்ணினவன் மதிப்பின்படி செலுத்த முடியாத ஏழையாயிருந்தால், ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி மதிப்பிட வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் பாஸ்டரிடம் போய், கணக்கு நோட்டைத் திறந்து காட்டி, "எங்களால் இவ்வளவுதான் முடியும், இவ்வளவு காலத்தில் கொடுக்கிறோம்" என்று சொல்லுங்கள். நல்ல மேய்ப்பராயிருந்தால் முதலில் நகையை மீட்கச் சொல்வார்.

நூறு மடங்கைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. மாற்கு 10இல் அந்த வாக்குத்தத்தம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே என்று சொன்ன பேதுருவுக்குக் கொடுக்கப்பட்டது. "துன்பங்களோடேகூட" என்ற வார்த்தையும் அதே வசனத்தில் இருக்கிறது. பிறகு அப்போஸ்தலர் 3இல் அதே பேதுரு தேவாலய வாசலில் நின்று "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்கிறார். வட்டி கட்டுகிற குடும்பத்திடம் போய், பணம் போட்டால் பல மடங்கு வரும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, மேடையில் நிற்பவருக்கும்தான்.

கடனை வைத்தே ஒரு கதை 2 இராஜாக்கள் 4இல் இருக்கிறது. கணவனை இழந்த ஒரு பெண், கடன்கொடுத்தவன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்திருக்கிறான் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாள். உனக்கு விசுவாசம் இல்லையா என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது சொல் என்கிறார். ஒரு குடம் எண்ணெய். அந்த எண்ணெய் பெருகிய அற்புதம் நடந்த பிறகும் அவர் சொல்வது கணக்குதான்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் நீயும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். காணிக்கையாக எதையும் கேட்கவில்லை. இந்த அதிகாரத்தைக் கன்வென்ஷன் மேடைகளில் இப்படி வாசிக்கக் கேட்டதே இல்லை.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கிறேன். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த வருடக் கட்டணத்துக்கு மறுபடி நகையைத் தேடாமல் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள், 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. கார் டியூ தவறப்போகிறது என்று தெரிந்தால் தேதி வருமுன் உங்கள் வீட்டுக்காரர் நேரில் போய், மழை மாதங்களுக்குத் தவணையைக் குறைத்து சீசனில் கூட்டிக் கட்ட முடியுமா என்று கேட்கட்டும். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடுதல் வட்டி எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறந்த ஊரை ஒரு ஒப்பந்தத்தில் இழந்தவர், நாளைக்குச் சோறு உண்டா என்று தினமும் உறுதி செய்துகொண்டார். அது குறையல்ல, அப்படித்தான் உங்களைக் காப்பாற்றி வளர்த்தார். ஆனால் அவருக்கு நடந்தது உங்களுக்கு நடக்கவில்லை. அந்தக் கதையை உங்கள் வீட்டுக்காரரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? கப்பல், முகாம், அரிசி டின் எல்லாவற்றையும்? இல்லையென்றால் நோட்டைத் திறக்குமுன் அதைச் சொல்லுங்கள். உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, அதை அவிசுவாசம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது என்றுதான் நினைக்கிறேன். அப்படியும் சொன்னால் உங்கள் பாஸ்டர் முன்னிலையில் உட்கார்ந்து பேசுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா