டிர்க் ஜென்ட்லி தொடரின் இரண்டாவது சீசன் முதல் சீசன் அளவுக்கு நன்றாக இருக்கிறதா?

இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் மறுபடி பார்க்க உட்கார்ந்தால் என் கை போவது இரண்டாவது சீசனுக்குத்தான். இது என்ன முரண் என்று கேட்பீர்கள்; விளக்கப் பார்க்கிறேன். கதையின் முடிச்சுகள் சிலவற்றை அவிழ்க்காமல் முடியாது, ஆகவே இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

டக்ளஸ் ஆடம்ஸின் நாவல் நாயகனை எடுத்துக்கொண்டு முற்றிலும் புதிய கதை சொன்ன தொடர் இது. 2016இல் எட்டு எபிசோடுகள், 2017இல் பத்து. டிர்க் தடயம் தேடுகிற துப்பறிவாளன் அல்லன். எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, நாம் நடந்துகொண்டிருந்தால் வழக்கு தானாக வந்து காலில் இடறும் என்பது அவன் கட்சி.

முதல் சீசனின் தொடக்கத்தில் ஹோட்டல் ஊழியன் டாட் நடைவழியில் ஒருவனைப் பார்க்கிறான். அடிபட்டு, கலங்கி நிற்கும் அவன் வேறு யாருமில்லை, டாட்டேதான். ஓர் அறை கடித்துக் குதறப்பட்டுக் கிடக்கிறது. கூடவே ஒரு நாய், ஒரு பூனைக்குட்டி. எழுதியவர்கள் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கடைசியில் பைசா பாக்கியில்லாமல் கணக்குத் தீர்த்தார்கள். பூனைக்குட்டிக்குள் இருந்தது சுறாவின் உயிர். நாய்க்குள் இருந்தது காணாமல் போன பெண். டாட் பார்த்தது காலத்தில் பின்னோக்கி வந்த தன்னையே. உயிர்களை இடம் மாற்றலாம், காலத்தைக் கடக்கலாம் என்ற இரண்டை மட்டும் நம்பிவிட்டால் போதும், மிச்சமெல்லாம் அவற்றின் விளைவு. கிறுக்குத்தனம் போலத் தெரிந்ததெல்லாம் கறாரான கணக்கு என்று புரிந்த நிமிடத்தில் நான் எழுந்து நின்று கை தட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது சீசன் இந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டது. மொன்டானாவில் பெர்க்ஸ்பெர்க் என்ற சிற்றூர், மரத்தின் மேல் சிக்கிய கார், அங்கிருந்து வென்டிமூர் என்ற மாய உலகம். அங்கே வாளுக்குப் பதில் ராட்சதக் கத்தரிக்கோல். ஏன் கத்தரிக்கோல்? ஒரு சிறுவன் அப்படிக் கனவு கண்டான், அவ்வளவுதான். கனவு என்று சொல்லிவிட்ட பிறகு யார் எதைக் கேட்க முடியும்? அந்தச் சிறுவனும் டிர்க்கைப் போல பிளாக்விங் என்ற ரகசிய அமைப்பிடம் சிக்கியவன்தானே, அதனால் இதுவும் அறிவியல் புனைவுதான் என்று வாதாடுவோர் உண்டு. சரி, அது வென்டிமூர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறது. கத்தரிக்கோலுக்கு இன்னும் பதில் இல்லை.

இன்னொரு தவறு, சேர்ந்திருக்க வேண்டியவர்களைப் பிரித்தது. கொலை செய்தபடியே ஊர் ஊராகத் திரியும் பார்ட்டும் அவளிடம் மாட்டிக்கொண்ட கென்னும் காரில் பேசிக்கொண்டே போனதுதான் முதல் சீசனின் உயிர். இங்கே அவள் சிறைக் கம்பிக்குள், அவன் பிளாக்விங்கின் பிடியில். நடு எபிசோடுகள் சில இழுக்கின்றன. நான் முதல் தடவை மூன்றாவதோடு விட்டுவிட்டேன்.

திரும்பி வரவைத்தது சூசி போர்ட்டன். கால் ஊன்றி நடக்க முடியாத, கணவனும் மகனும் மதிக்காத ஒரு குடும்பத் தலைவி. அவள் கையில் மந்திரக்கோல் கிடைக்கிறது. முதலில் நாம் அவள் பக்கம்தான் நிற்கிறோம். இத்தனை நாள் பட்டதற்குக் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே என்று தோன்றுகிறது. எந்த இடத்தில் அவள் கொடியவள் ஆனாள் என்று பின்னர் யோசித்தால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அமண்டா வால்ஷின் நடிப்பு அப்படி. முதல் சீசனின் வில்லன்களில் இவளுக்கு ஈடாக ஒருவர்கூட இல்லை.

ஷெரிஃப் ஹாப்ஸையும் சொல்ல வேண்டும். சிற்றூர்க் காவல் அதிகாரி என்றால் நாயகனை நம்பாமல் பாதிக் கதையை வீணடிப்பது வழக்கம். இவர் எதைச் சொன்னாலும் அப்படியா என்று மகிழ்ந்து நம்புகிறார். டிர்க்கும் மாறியிருக்கிறான். அடைத்து வைக்கப்பட்டிருந்தவன்; பழைய துள்ளல் போய், இந்த வழக்கே வேண்டாம் என்று சோர்ந்து உட்காருகிறான். நகைச்சுவைத் தொடரில் நாயகனை இவ்வளவு தூரம் உடைத்துப் பார்க்கத் துணிச்சல் வேண்டும்.

புதிர் ஒரு தடவைதான் வேலை செய்யும். விடை தெரிந்த பின் முதல் சீசனை நான் ரசிப்பது அதன் தச்சு வேலைக்காக. இரண்டாவதில் புதிர் முதலிலிருந்தே சுமார் என்பதால் இழக்க ஒன்றுமில்லை; சூசியின் முகத்தை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். துப்பறியும் கதைக்காகத்தான் வந்தேன் என்பவருக்கு இரண்டாவது சீசன் ஏமாற்றம், அதை மறுக்கவில்லை.

2017 டிசம்பரில் தொடரை நிறுத்திவிட்டார்கள். பிளாக்விங்கில் கென் என்ன ஆகப்போகிறான் என்பது இன்றுவரை அந்தரத்தில் தொங்குகிறது. முதல் சீசனின் கார் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது.